‘24 மணித்தியாலமும் ஒரே ஆள்’ என்று சொன்னால் முற்பணம் கட்டாதீர்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வீட்டில் முதியவரைப் பார்க்க ஆள் தேடுகிறவர்கள் இதைப் பொறுமையாக வாசியுங்கள். கல்லடியில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததை அவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறோம். முகவர் நிலையத்தின் பெயரைப் போடவில்லை.

பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்த தாய். மூக்கு ரியூப்பில் சாப்பாடு, சீனி வருத்தத்துக்கு இன்சுலின். பிள்ளைகள் கனடாவில். “பயிற்சி பெற்ற நேர்ஸ், இரவு பகல் கூடவே இருப்பா, சரிவராவிட்டால் மூன்று நாளில் வேறு ஆள்” என்று சொல்லி, பதிவுக் கட்டணமும் ஒரு மாதச் சம்பளமும் முன்கூட்டியே வாங்கினார்கள். வந்தவர் படுவான்கரையைச் சேர்ந்த ஒரு இளம் பெண். நேர்ஸ் இல்லை. ரியூப்பில் எப்படிக் கொடுப்பது என்று யாரும் அவருக்குக் காட்டியிருக்கவும் இல்லை. இரண்டாம் கிழமை தாயின் நாரிக்குக் கீழே தோல் கறுத்து உரிந்தது. மாதம் முடியமுதல் அந்தப் பெண் போய்விட்டார். வேறு ஆளும் வரவில்லை, காசும் வரவில்லை, போனும் எடுக்கிறார்கள் இல்லை.

அந்தப் பெண்ணைத் திட்டமுதல் கணக்கைப் பாருங்கள். கிழமைக்கு 168 மணித்தியாலம். நாளுக்கு 8 மணித்தியாலப்படி ஆறு நாள் வேலை செய்தால் ஒருவர் 48ஐத்தான் மூடுவார். மிச்சத்தையும் மூட மூன்றரைப் பேர், லீவு, சுகயீனம் சேர்த்தால் நாலு பேர் வேண்டும். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்ட வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரைக்குள் அதுவே ஐந்து தரம். இதை ஒரே ஆள் செய்வார் என்று விற்பது, குடும்பத்தையும் வேலைக்கு வந்தவரையும் சேர்த்து ஏமாற்றுவது. கைதேர்ந்தவர்கள் பலர் மத்திய கிழக்குக்கும் இஸ்ரேலுக்கும் இதே வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடைவெளியைப் பயிற்சியே இல்லாத பிள்ளைகளால் நிரப்புகிறார்கள்.

நித்திரை கெட்டவரிடம் முதலில் தவறுவது இரவுப் புரட்டல். நாரி, குதிகால், இடுப்பு எலும்பு மூன்றையும் தினமும் பாருங்கள். நம் தோலில் சிவப்பு தெரியாது. சூடாக, இறுக்கமாக, சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பாக இருந்தால் புண் தொடங்கிவிட்டது. காற்று மெத்தை போட்டாலும் புரட்டத்தான் வேண்டும்.

அடுத்தது ரியூப் சாப்பாடு. தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி, மூக்கடியில் ரியூப்பின் அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்க விட வேண்டும். முடிந்ததும் 30 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, குறைந்தது அரை மணித்தியாலம் அதே சாய்வில் வைத்திருக்க வேண்டும். களைத்தவர் படுக்கவைத்தபடி தள்ளிவிடுவார்; சாப்பாடு சுவாசப்பைக்குள் போய் நியுமோனியா வரலாம். இன்சுலின் போட்டுவிட்டு, சாப்பாடு கொடுக்காமல் அசந்து நித்திரையானால் இன்னும் ஆபத்து. இரத்தத்தில் சீனி 70க்கு (mg/dL) கீழே இறங்கலாம், வியர்க்கும், பேச முடியாத தாய் யாரிடம் சொல்வார்?

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். முதியவர் இரவில் சத்தம் போடாமல் இருக்க பிரிட்டோனோ (நித்திரை வரவைக்கும் ஒவ்வாமைக் குளிசை) நித்திரைக் குளிசையோ கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பகலிலும் காரணமில்லாமல் தூங்கி வழிந்தால் குளிசை அட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

ஆள் எடுக்கமுதல் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழின் மூலப்பிரதியையும் அடையாள அட்டையையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முகவர் காட்டும் வியாபாரப் பதிவு பராமரிப்புத் தகுதிக்குச் சாட்சி இல்லை. வைத்தியசாலையில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பமுதல், வரப்போகிற பராமரிப்பாளரை வாட்டுக்கு அழைத்து, தாதி முன்னால் ஒருமுறை ரியூப்பில் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டாரில் ஒருவரும் பழகுங்கள். ஒரு ஆளுக்குத்தான் வசதி என்றால் பகலுக்கு மட்டும் எடுத்து, இரவை உறவுகள் முறை வைத்துப் பாருங்கள். கிழமைக்கு ஒரு முழுநாள் லீவு கட்டாயம் கொடுங்கள். நீங்கள் கட்டும் காசில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று அவரிடமே கேளுங்கள். அவரது அடையாள அட்டையை முகவர் பிடித்து வைத்திருந்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள்.

காசை வங்கியால் மட்டும் அனுப்புங்கள். மாற்று ஆள் வராவிட்டால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டு, விளம்பரப் படம், வட்ஸ்அப் செய்திகளோடு நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம், பொலிசிலும் முறையிடலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடமும் எழுத்தில் கொடுங்கள். புண்ணில் மணமோ காய்ச்சலோ இருந்தால் முறைப்பாடு பிறகு. முதலில் 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், அங்கே எழுதும் அறிக்கையின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.