மருமகனுக்கு ஒரு பழைய விமானம்: ஆரோவா, மூனியா, கார்டினலா?

முப்பது வருடம் பாம்பனில் விசைப்படகு எஞ்சின் பார்த்தவன் நான். உச்சிப்புளி கடற்படைத் தளத்து விமானம் தலைக்கு மேல் போனால்கூட நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் கிடையாது. அப்படிப்பட்டவனை இந்தப் பொங்கல் லீவில் மூன்று வாரம் விமான விளம்பரம் படிக்க வைத்துவிட்டான் என் தங்கை மகன்.

அவன் இருப்பது டெக்சாஸில், கார்பஸ் கிறிஸ்டி என்ற ஊரில். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஊர். வெயிலும் காற்றும் உப்பும் நம்ம மண்டபம் மாதிரிதான் என்கிறான். விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்திருக்கிறான். மனைவியின் அக்கா வீடு டல்லாஸில். காரில் போனால் ஆறு மணி நேரத்துக்கு மேல், பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளின் சண்டையோடு. அதனால் நாலு பேர் போகிற மாதிரி பழைய விமானம் ஒன்று வாங்க வேண்டும், ஒரு லட்சம் டாலருக்குள் முடிய வேண்டும். சக்கரம் உள்ளே மடங்குகிற வகையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் அவன் ஆசை.

"சக்கரம் மடங்கலைன்னா என்ன மாப்ளே, பறக்காதா?" என்றேன்.

"பறக்கும் மாமா. காத்துல இழுபடும், வேகம் குறையும்."

சரி, எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டோம். பைப்பர் கம்பெனியின் ஆர்ச்சர், சக்கரம் மடங்காதது, சுமார் 125 நாட், அதாவது மணிக்கு 125 கடல் மைல், போகும். அதே குடும்பத்து ஆரோ, சக்கரம் மடங்குவது, 135 போகும். மூனி எம்20ஜே 155 தாராளமாகப் போகும். டல்லாஸ் நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கடல் மைல். ஆரோவில் இரண்டேகால் மணி நேரம், மூனியில் இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் 17 நிமிடம். அதைக் கேட்டு அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

மூனிமேல் அவனுக்குத் தனிக் காதல். 1977-ல் வந்த எம்20ஜே-க்கு '201' என்று பெயர் வைத்ததே மணிக்கு 201 மைல் தொடும் என்பதற்காகத்தான். 200 குதிரைச் சக்தி எஞ்சினில் அந்த வேகம் பெரிய விஷயம். எரிபொருளும் மணிக்குப் பத்து கேலன் அளவில்தான். உடம்பை ஒல்லியாக வழித்துச் செய்திருக்கிறார்கள். ஒல்லி என்றால் உள்ளேயும் ஒல்லி. கீழே காலை நீட்டி உட்கார வேண்டும். 1960களில் வந்த எம்20சி, எம்20இ எல்லாம் இன்னும் மலிவு, ஆனால் உடம்பு குட்டை. பின்சீட்டில் இன்றைக்குப் பத்து வயதுப் பெண் உட்காருவாள், ஐந்து வருடம் கழித்து அவள் முழங்கால் எங்கே போகும்? 1967-ல் வந்த எம்20எஃப்-இல்தான் பத்து அங்குலம் நீட்டினார்கள்.

அந்தப் பழைய மூனிகள் பலவற்றில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. சக்கரத்தை மடக்க மோட்டார் இல்லை, ஹைட்ராலிக் இல்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு நீளக் கம்பி. கையால் இழுத்து மடக்கினால் சக்கரம் உள்ளே போகும். பழைய பாம்பன் பாலத்தின் நடுத்தூக்கை ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கரண்டு போனாலும் கை இருக்கும்.

ஆனால் மூனியில் ஒரு பயம் உண்டு. இறக்கை அலுமினியம், உட்காரும் கூண்டு மட்டும் இரும்புக் குழாய். ஜன்னல் ஓரமாக மழைத்தண்ணீர் கசிந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு அதைக் குடித்து, குழாயோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்னும். கம்பெனியே அதற்கென்று தனி சர்வீஸ் புல்லட்டின் விட்டிருக்கிறது. எரிபொருளும் தனி டேங்கில் இல்லை, இறக்கையின் உட்புறத்தையே அடைத்துப் பூசி டேங்க் ஆக்கியிருக்கிறார்கள். வயசானால் பூச்சு விட்டுக் கசியும். படகின் அடிப்பலகையில் ஒரு கசிவைத் தேடி எத்தனை நாள் போகும் என்று நமக்குத் தெரியும்தானே.

மருமகள் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்: கார்டினல். செஸ்னா 177ஆர்ஜி, 1971 முதல் 1978 வரை செய்தது. இறக்கை மேலே, அதைத் தாங்கும் குறுக்குக் கம்பி கிடையாது, இரண்டு பக்கமும் கதவு, அதுவும் 90 டிகிரி திறக்கும். ஆரோ, மூனி இரண்டிலும் வலப்பக்கம் ஒரே கதவு. இறக்கைமேல் ஏறி, குனிந்து, ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய வேண்டும். டெக்சாஸ் வெயிலில் பிள்ளைகளை ஏற்றும்போது தலைக்குமேல் இறக்கை நிழல் இருப்பது சும்மா இல்லை. என் முழங்கால் நிலைமைக்கு நானும் கார்டினலுக்குத்தான் ஓட்டுப் போட்டேன், என்றைக்காவது ஏற்றிப் போவான் என்ற நம்பிக்கையில். வேகமும் 140-ஐ ஒட்டி. பின்சீட்டில் கால் நீட்ட இடம் தாராளம்.

அதன் வில்லங்கம் சக்கரத்தில் இருக்கிறது. மேல் இறக்கை விமானத்துக்குச் சக்கரத்தை இறக்கையில் மடக்க முடியாது. ஆகவே உடம்புக்குள் பின்னால் மடங்கி, திரும்பிப் போய் ஒளிய வேண்டும். ஹைட்ராலிக், மின்சாரம், சுவிட்ச் என்று பல கை மாறுகிற வேலை. உப்புக்காற்றில் அசைகிற பாகம் எத்தனை கூடுகிறதோ அத்தனை செலவு. இறக்கையைத் தாங்கும் நடுக்குறுக்குச் சட்டத்திலும் அரிப்பு பார்க்க வேண்டும். 2019-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு செஸ்னா 210 இறக்கை பிய்ந்து விழுந்தபின், இப்படிக் கம்பி இல்லாத இறக்கை என்றாலே எல்லோரும் அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இடையில் பைப்பர் கமாஞ்சி 250 என்று ஒன்றைக் காட்டினான். அகலமான கூண்டு, 250 குதிரைச் சக்தி, 160 நாட் வரை போகும். 1972-ல் ஏக்னஸ் புயல் வெள்ளம் பைப்பரின் லாக் ஹேவன் தொழிற்சாலைக்குள் புகுந்ததோடு கமாஞ்சி வகை விமானங்களின் உற்பத்தியே முடிந்தது. தனுஷ்கோடிக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவனுக்கு அந்தக் கதை கேட்டதும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் வேண்டாம் என்றேன். மணிக்குப் பதிமூன்று, பதினான்கு கேலன் குடிக்கும். சக்கரத்தை ஆயிரம் மணிக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும். பிள்ளை குட்டிக்காரனுக்கு அது ஒத்துவராது.

அப்புறம் ஆரோ. யாருக்கும் பார்த்ததும் ஆசை வராத விமானம். 1967-ல் வந்தது. 1972-ல் உடம்பை ஐந்து அங்குலம் நீட்டி ஆரோ 2 என்றார்கள். இவனுக்கு ஏற்றது அதுதான் என்று நான் நினைக்கிறேன். இவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பெட்டிகள் எல்லாம் சேர்த்து 230 கிலோ. 48 கேலன் எரிபொருள் 131 கிலோ. மொத்தம் 360-ஐ ஒட்டி. ஆரோ 430 கிலோவாவது தூக்கும். பிள்ளைகள் வளர இடம் இருக்கிறது. பல ஆரோக்களில் வேகம் மிகவும் குறைந்தால் சக்கரம் தானே இறங்கிக்கொள்ளும், புது ஆளுக்கு அது ஒரு காப்பு. சக்கரத்தை மேலே பிடித்திருப்பதே எண்ணெய் அழுத்தம்தான். அழுத்தத்தை விட்டால் தன் பாரத்தில் கீழே விழும்.

ஆரோவிலும் இறக்கைக் கதை உண்டு. 2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு பயிற்சி ஆரோவின் இறக்கை வானத்தில் கழன்று இரண்டு பேர் இறந்தார்கள். இறக்கையின் முதுகெலும்பு மாதிரியான முதன்மைச் சட்டத்தில், அதாவது ஸ்பாரில், உலோகக் களைப்பு விரிசல். மாணவர்கள் நாள் முழுக்க தொப்பு தொப்பென்று இறக்கிய விமானம். அதன்பின் ஓடிய மணிக்கணக்கை வைத்து ஸ்பார் சோதனை செய்ய உத்தரவு வந்தது. ஆகவே பயிற்சிப் பள்ளியில் அடிபட்டது வேண்டாம் என்று இவனே சொன்னான்.

"அப்ப இது பாருங்க மாமா, 900 மணி நேரம்தான் ஓடியிருக்கு!" என்று ஒன்றைக் காட்டினான். கடலோர ஊர், வெட்டவெளியில் நிறுத்தம், கடைசி ஆறு வருடத்தில் வருடத்துக்குப் பத்து மணி நேரம்.

அங்கேதான் நான் வாய் திறந்தேன். பத்துப் பதினைந்து வருடம் முன்பு நானும் ஒரு எஞ்சின் வாங்கினேன், 'கொஞ்சம்தான் ஓடியது' என்று. விற்றவன் பொய் சொல்லவில்லை, கொஞ்சம்தான் ஓடியிருந்தது. மீதி நாளெல்லாம் கரையில் கிடந்து உப்பைக் குடித்திருந்தது. இரண்டாவது மாதமே நடுக்கடலில் நின்றது. இங்கே 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-ல் படகு இறங்கும்போது எத்தனை எஞ்சின் மக்கர் பண்ணும் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். விமானத்துக்குப் போடும் லைகமிங் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. நிறுத்திப் போட்டால் எண்ணெய் கீழே வடிந்துவிடும், கேமும் டேப்பெட்டும் காய்ந்து துருப்பிடிக்கும். 2000 மணிக்கு ஒருமுறை, அல்லது 12 வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கட்டு என்று கம்பெனி சொல்வதில் அந்த 12 வருடத்தை யாரும் படிப்பதில்லை. பிரித்துக் கட்டினால் இவன் பட்ஜெட்டில் ஒரு பெரிய பங்கு அதிலேயே போய்விடும்.

படுத்தே கிடந்ததும் வேண்டாம், பாடாய்ப் பட்டதும் வேண்டாம். உள்நாட்டில், வறண்ட ஊரில், ஹேங்கருக்குள் நின்று, வாரம் ஒருமுறையாவது பறந்த ஆரோவாகப் பார் என்றேன். நல்ல கார்டினல் அதே மாதிரி கிடைத்தால் மருமகள் பேச்சைக் கேள். மூனியை அறுபது வயதில் தனியாகப் பறக்க வாங்கிக்கொள்ளலாம்.

போன வாரம் மேற்கு டெக்சாஸிலிருந்து ஒரு ஆரோ 2 கண்டுபிடித்து ஏழு படம் அனுப்பினான். வெளிப் பெயின்ட், டேஷ்போர்டு, புதுத் தோல் இருக்கை. ஆரோவில் இறக்கையின் பெட்ரோல் டேங்கைத் திருகாணி எடுத்துக் கழற்றினால் ஸ்பார் கண்ணுக்குத் தெரியும் என்று அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தவன்.

"படம் நல்லா இருக்கு மாப்ளே. டேங்கைக் கழட்டி எடுத்த படம் எங்கே?" என்று பதில் போட்டிருக்கிறேன்.