நர்சரியா, ஸ்கூலா, காலேஜா? இங்கிலாந்தில் குழந்தைகளோடு வேலை தொடங்க மூன்று வழிகள்

இங்கிலாந்தில் குழந்தைகளோடு வேலை செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். ஒன்று, நர்சரியில் வேலை செய்துகொண்டே படிக்கும் லெவல் 3 (ஏ லெவலுக்கு, அதாவது பிளஸ் டூவுக்கு இணையான நிலை) எர்லி இயர்ஸ் எஜுகேட்டர் அப்ரென்டிஸ்ஷிப், சின்னக் குழந்தைகளைக் கவனித்துக் கற்பிக்கும் வேலைக்கானது. அடுத்தது, ஸ்கூலில் செய்யும் லெவல் 3 டீச்சிங் அசிஸ்டென்ட் (வகுப்பு ஆசிரியருக்கு உதவியாளர்) அப்ரென்டிஸ்ஷிப். மூன்றாவது, 16 வயதுக்குப் பிறகு காலேஜில் படிக்கும் டி லெவல் என்ற இரண்டு வருடத் தொழில்சார் படிப்பு. முதல் இரண்டும் ஏறக்குறைய 18 மாதம். சம்பளம் உண்டு, பயிற்சிக் கட்டணத்தை நீங்கள் கட்டவேண்டியதில்லை. மூன்றுமே லெவல் 3 என்பதால் சமம் போலத் தெரியும். வேலை தேடும்போது சமமில்லை.

வித்தியாசம் சட்டத்திலிருந்து வருகிறது. நர்சரியில் இரண்டு வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் இருக்கவேண்டும். இரண்டு வயதுக்காரர்கள் என்றால் 5 பேருக்கு ஒருவர், மூன்று வயது முதல் பொதுவாக 8 பேருக்கு ஒருவர். அந்தப் பெரியவர்களில் குறைந்தது ஒருவரிடமாவது அங்கீகரிக்கப்பட்ட லெவல் 3 தகுதி இருந்தாகவேண்டும். அதாவது உங்கள் சான்றிதழ் இல்லாமல் ஒரு நர்சரி தன் அறையை நடத்த முடியாது. எந்த ஊருக்கு மாறினாலும் அந்த மதிப்பு கூடவே வரும்.

டீச்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கு அப்படி ஒரு சட்டத் தேவை கிடையாது. சான்றிதழ் இல்லாதவரையும் ஸ்கூல் எடுக்கலாம். யாரை எடுப்பது என்பது அந்தந்த ஸ்கூலின் முடிவு. அந்தச் சான்றிதழோடு நர்சரிக்குப் போனால் எர்லி இயர்ஸ் எஜுகேட்டர் என்ற கணக்கில் உங்களைச் சேர்க்கவும் மாட்டார்கள். ஆனால் நர்சரி சான்றிதழ் வைத்திருப்பவர் ஸ்கூலின் நர்சரி வகுப்புக்கோ ரிசெப்ஷன் வகுப்புக்கோ (4-5 வயதுப் பிள்ளைகள் ஸ்கூலில் சேரும் முதல் வகுப்பு) தாராளமாக விண்ணப்பிக்கலாம். இரண்டில் எது என்று இன்னும் முடிவாகாத 18 வயதுக்காரருக்கு எங்கள் பரிந்துரை இதனால்தான் நர்சரி.

வேலை நேரம் இதற்கு நேர்மாறாகப் பேசும். நர்சரி வருடம் முழுக்கத் திறந்திருக்கும். காலை ஏழரைக்குத் தொடங்கி மாலை ஆறு வரை ஷிஃப்ட் போடுவார்கள். நாப்பி மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, தூங்கும் குழந்தையைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பதிவு செய்வது என்று உடல் உழைப்பு அதிகம். ஸ்கூலில் வருடத்துக்கு 39 வாரம், பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தை ஒட்டி நீங்களும் கிளம்பலாம். ஃபோனிக்ஸ் குழு (எழுத்தொலிகளைக் கொண்டு வாசிக்கச் சொல்லித்தருவது), வாசிப்பு, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளையோடு தனியாக உட்காருவது ஆகியவைதான் அன்றாட வேலை. வீட்டில் ஸ்கூல் போகும் பிள்ளைகள் உள்ள அம்மாக்களுக்கு இது பொருந்துவது போல நர்சரி பொருந்தாது. ஆனால் பல ஸ்கூல்கள் வேலை செய்யும் வாரங்களுக்கும் விடுப்புக்கும் உரிய சம்பளத்தை மட்டும் 12 மாதத்துக்குப் பிரித்துக் கொடுக்கும். விளம்பரத்தில் உள்ள முழுநேரத் தொகையைப் பார்த்து வீட்டுக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். வாரம் 30 மணி நேரத்துக்குக் குறைவான வேலை என்றால் பயிற்சிக் காலமும் நீளும்.

சம்பளக் கணக்கு இரண்டு அப்ரென்டிஸ்ஷிப்புக்கும் ஒன்றே. 2026 ஏப்ரல் முதல் அப்ரென்டிஸுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 8 பவுண்டு. வாரம் 37.5 மணி நேரத்துக்கு 300 பவுண்டு. இந்த விகிதம் 19 வயதுக்குட்பட்டவர்களுக்கும், மற்றவர்களுக்கு முதல் வருடத்துக்கும் மட்டுமே. 21 வயது நிறைந்தவர் 13ஆம் மாதம் தொடங்கியதும் 12.71 பவுண்டு விகிதத்துக்கு மாறவேண்டும். வாரத்துக்கு ஏறக்குறைய 477 பவுண்டு. அந்த மாதத்துச் சம்பளச் சீட்டை நீங்களே சரிபாருங்கள். இதில் தவறு நடந்தால், நீங்கள் கேட்காதவரை யாரும் கவனிக்காமலே போகக்கூடும். அதிகம் கொடுக்கும் இடங்களும் உண்டு, அதனால் இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்.

நர்சரி வழியில் அதிகம் கெட்டுப்போவது படிப்பு நேரம்தான். அதன் காரணம், இத்தனை குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்று மேலே சொன்ன விகிதம். லெவல் 3 படிக்கும் அப்ரென்டிஸ் திறமையும் பொறுப்பும் உள்ளவர் என்று நர்சரி திருப்தியடைந்தால், அவரை லெவல் 2 ஆளாகக் கணக்கில் சேர்க்கலாம். ஒருவர் லீவு போட்டதும் உங்களை அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். விகிதத்தில் இருப்பவர் அறையை விட்டு நகர முடியாது. ஆகவே படிப்புக்கு ஒதுக்கிய மணி நேரம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும், பிறகு அதற்கடுத்த வாரத்துக்கு. பயிற்சி நேரம் சம்பளத்தோடு வேலை நேரத்துக்குள்ளேயே தரப்படவேண்டியது. வீட்டில் இரவு உட்கார்ந்து எழுதுவது அதில் சேராது. நீங்கள், நர்சரி, பயிற்சி நிறுவனம் மூவரும் கையெழுத்திடும் பயிற்சித் திட்டத்தில் மொத்த மணி நேரம் எழுதியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் முதல், குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி இல்லாத அப்ரென்டிஸை விகிதத்தில் சேர்க்கவே கூடாது. முழுப் பயிற்சி 12 மணி நேரம், சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். அந்தப் பயிற்சி தராமலே உங்களைக் கணக்கில் சேர்க்கும் இடத்தில் மற்ற விதிகளும் தளர்வாகத்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கல் இரண்டு இடத்துக்கும் பொது. நர்சரியில் 18 மாதமும் பேபி ரூமிலேயே வைத்திருந்தால் மூன்று, நான்கு வயதுக்காரர்களோடு வேலை செய்த ஆதாரம் போர்ட்ஃபோலியோவில் (மதிப்பீட்டுக்காகச் சேர்த்து வைக்கும் வேலை ஆதாரத் தொகுப்பில்) இருக்காது. ஸ்கூலில் ஒரே பிள்ளையின் பக்கத்தில் வருடம் முழுக்க உட்கார்ந்தவருக்குக் குழுவை நடத்திய ஆதாரம் இருக்காது. இறுதி மதிப்பீட்டில் இடறுவது இங்கேதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அறையை, குழுவை மாற்றித் தரச்சொல்லி ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். போர்ட்ஃபோலியோவில் குழந்தையின் உண்மைப் பெயர் வேண்டாம்.

டி லெவல் மாணவருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் எர்லி இயர்ஸ் எஜுகேட்டர் பிரிவை எடுத்தால் குறைந்தது 750 மணி நேரம் நர்சரியிலும் ஸ்கூலிலும் வேலை பார்த்து, நர்சரி விகிதத்தில் கணக்கில் வரும் அதே லெவல் 3 தகுதியோடு வெளியே வரலாம். மெரிட் என்ற கிரேட் வாங்கினால் 120 யூகாஸ் புள்ளிகள் (யுனிவர்சிட்டி சேர்க்கைக்குப் பார்க்கும் புள்ளிகள்). மூன்று ஏ லெவலில் பி, பி, பி வாங்கியதற்குச் சமம். யுனிவர்சிட்டி மனதில் இருக்கும் 16 வயதுக்காரருக்கு மூன்றில் இதுதான் நல்லது. வீட்டுக்குப் பணம் தேவை என்றால் அந்தப் பேச்சு வேறு.

இந்த மூன்றில் எதுவும் உங்களை ஆசிரியராக்காது. அதற்கு டிகிரி வேண்டும், ஜி.சி.எஸ்.இ. (16 வயதில் எழுதும் ஸ்கூல் தேர்வு) ஆங்கிலத்திலும் கணிதத்திலும் கிரேட் 4 அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும், பிரைமரிக்கு அறிவியலும் சேரும். 2025 பிப்ரவரிக்குப் பிறகு, 19 வயதைத் தாண்டிச் சேரும் அப்ரென்டிஸ் ஆங்கிலமும் கணிதமும் படித்தாகவேண்டுமா என்பதை வேலை தருபவரே முடிவு செய்யலாம். வேண்டாம் என்று அவர் சொன்னாலும் நீங்கள் கேட்டுப் படித்துவிடுங்கள். ஊரில் ஏற்கெனவே டிகிரி முடித்தவர்கள் முதலில் அதை எக்டிஸ் (வெளிநாட்டுப் படிப்புகளை இங்கிலாந்துத் தகுதிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் நிறுவனம்) வழியாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சிக்குத் தகுதி இருக்கும்போது லெவல் 3 படிப்பில் 18 மாதம் செலவிடத் தேவையில்லை.

ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவர்கள் அப்ரென்டிஸ்ஷிப்பில் சேர முடியாது. மற்ற விசாக்களில் வந்தவர்களுக்குப் பொதுவாக மூன்று வருடம் இங்கே வசித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை வரும். விண்ணப்பிக்கும் முன்பே பயிற்சி நிறுவனத்திடம் விசா விவரத்தைக் காட்டிக் கேளுங்கள். ஸ்கூல்கள் செப்டம்பரில் சேரும் ஆட்களை வசந்த காலத்திலிருந்தே தேடத் தொடங்கும். நர்சரிகள் வருடம் முழுக்க எடுக்கும். எங்கே சேர்ந்தாலும் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை முடிய வாரக்கணக்கில் ஆகலாம். கடந்த ஐந்து வருட முகவரிகளைத் தேதியோடு எழுதி வைத்திருந்தால் தாமதம் குறையும்.