எம்1 மேக்கில் நாலு வருஷம்: ஒரு விபிஎன் டிரைவருக்காக நான் பட்ட பாடு

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் கூப்பிட்டான். "மச்சி, எம்1 ஏர் செகண்ட்ஸ்ல நல்ல விலைக்கு வருது, வாங்கிரட்டுமா? விண்டோஸ் விஎம் போட்டு அதுக்குள்ள ஆபீஸ் விபிஎன் ஓட்டணும், ஓடும்ல?" விஎம் என்றால் ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி; விபிஎன் என்றால் வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான பாதை. அவன் கேட்டது அவ்வளவுதான், நான் முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்தும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

2021-இல் வாங்கிய 8 ஜிபி எம்1 மேக்புக் ஏர் என்னுடையது. அதில் இருப்பது இன்டெல் சிப் அல்ல, ஆர்ம் வகையைச் சேர்ந்த ஆப்பிளின் எம்1 சிப். வேகம், பேட்டரி பற்றியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதெல்லாம் உண்மைதான். என் தேவை கொஞ்சம் வேறு. நான் வேலை செய்யும் ஒரு வாடிக்கையாளரிடம் பழைய நிர்வாகச் செயலி ஒன்று இருக்கிறது. அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும், சர்வரைத் தொட வேண்டுமென்றால் அவர்களுடைய விபிஎன்னுக்குள் இருக்க வேண்டும். சரி, விண்டோஸ் 11-இன் ஆர்ம் பதிப்பை விஎம்மில் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். பாதி சரியாகத்தான் நினைத்திருக்கிறேன். அந்தச் செயலி இன்டெல்லுக்காக எழுதியது, ஆனால் ஆர்ம் விண்டோஸ் அதை மொழிபெயர்த்து ஓட்டிவிட்டது. எந்தக் குறையும் இல்லை.

விபிஎன் மென்பொருளை நிறுவும்போதுதான் பிரச்சினை. பச்சைக் கோடு முக்கால்வாசி வரை ஓடும், ஒரு நொடி நிற்கும், அப்புறம் வந்த வழியே பின்னோக்கிப் போகும். "நிறுவல் முழுமையடையவில்லை" என்று ஒரு பெட்டி. இதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அட்மினாக ஓட்டிப் பார்த்தேன், ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன், விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கடைசியில் நிறுவல் கோப்பைப் பிரித்து உள்ளே பார்த்தால், டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) இருக்கும் இடத்தில் ஏஎம்டி64 என்று, அதாவது இன்டெல் வகைக் கணினிகளுக்காக, ஒரே ஒரு ஃபோல்டர். ஆர்ம்64 என்று ஒன்று இல்லவே இல்லை.

நண்பனுக்குப் புரியவைக்க நேரம் எடுத்தது இந்த இடம்தான். மொழிபெயர்ப்பு என்பது சாதாரண செயலிகளுக்கு மட்டும். விபிஎன் மென்பொருளின் திரையும் பொத்தான்களும் சாதாரண செயலி, அவை ஓடிவிடும். ஆனால் அது கணினிக்குள் ஒரு பொய்யான நெட்வொர்க் கார்டை உருவாக்க வேண்டும், அதற்கு ஒரு டிரைவர் வேண்டும், டிரைவர் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் உள்மையத்துக்குள், உட்காரும். கெர்னலுக்குள் மொழிபெயர்ப்பு கிடையாது. ஆர்ம் கெர்னலில் ஆர்ம் டிரைவர்தான் ஏறும். "ரொசெட்டா இருக்கேடா" என்றான், இன்டெல் செயலிகளை மொழிபெயர்த்து ஓட்டும் ஆப்பிளின் மென்பொருளைச் சொல்கிறான். இருக்கிறது, மேக் வென்ச்சுரா வந்த 2022-இலிருந்து லினக்ஸ் விஎம்முக்குள்ளும் அது வேலை செய்கிறது, ஆனால் அங்கேயும் கதை இதேதான், கெர்னலுக்குள் ஏறும் மாட்யூலை (லினக்ஸில் டிரைவர் மாதிரி) அது தொடாது.

க்யூஎம்யூ என்ற மென்பொருளில் முழு இன்டெல் கணினியையே எமுலேட் செய்யும், அதாவது மென்பொருளாலேயே போலியாக உருவாக்கும், வழியையும் விட்டுவைக்கவில்லை. உண்மையான இன்டெல் வகை (எக்ஸ்64) விண்டோஸ் என்பதால் டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் ஏறியது, விபிஎன்னும் இணைந்தது. ஆனால் மெனுவைத் திறந்துவிட்டு டீ போட்டுக்கொண்டு வரலாம், அவ்வளவு மெதுவு. ஃபேன் இல்லாத மெஷின் என்பதால் கீபோர்டுக்கு மேலே கை வைக்க முடியாத சூடு. ஒரே நாளில் விட்டுவிட்டேன்.

விபிஎன் நிறுவனத்துக்கு இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் "ஆர்ம் ஆதரிக்கப்படவில்லை" என்று ஒரே வரி. பேர் சொல்ல விரும்பவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வயர்கார்டு, ஓப்பன்விபிஎன் என்ற இலவச விபிஎன் மென்பொருள்களுக்கு விண்டோஸ் ஆர்ம் பதிப்பு இருக்கிறது, சும்மாவே இறக்கிக்கொள்ளலாம். இலவச மென்பொருள்காரர்கள் செய்ததை, ஆளுக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் பணம் வாங்குகிறவர்கள் செய்ய முடியாதா? இதை எழுதும்போதும் எரிச்சல் வருகிறது.

வழி லினக்ஸில் கிடைத்தது. ஓபன்கனெக்ட் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, பெரிய நிறுவனங்களின் விபிஎன் நெறிமுறைகள் பலவற்றை அதுவே பேசும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் ஆர்ம்64 தொகுப்புகளில் நேரடியாக வருகிறது. அந்தப் பொய்யான நெட்வொர்க் கார்டை உருவாக்க அதற்கு வேண்டிய டன் என்ற டிரைவர் லினக்ஸ் கெர்னலோடு கூடவே இருப்பதால் தேடி ஏற்ற எதுவும் இல்லை. வாடிக்கையாளரின் நெட்வொர்க் குழுவிடம் கேட்டு, மின்னஞ்சலில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் செய்தேன். நீங்களும் கேட்காமல் செய்யாதீர்கள், சில இடங்களில் இது வேலைக்கே உலை வைக்கும்.

மேக்கில் விஎம் ஓட்டும் யூடிஎம் என்ற செயலியில் இரண்டு விஎம். ஒன்று டெஸ்க்டாப் இல்லாத டெபியன், 1 ஜிபி ரேம். இன்னொன்று விண்டோஸ், 4 ஜிபி. இரண்டும் 192.168.64 என்று தொடங்கும் முகவரிகளில் ஒன்றையொன்று பார்க்கும். விபிஎன்னை டெபியன் பிடித்துக்கொள்ளும். விண்டோஸில், வாடிக்கையாளரின் முகவரிகளுக்கு மட்டும் டெபியன்தான் வாசல் என்று வழிகாட்டும் ஒரு ரூட். டெபியனில், வந்த பாக்கெட்டை மறுபக்கம் அனுப்ப ஐபி ஃபார்வர்டிங்கும், அதைத் தன் பெயரில் அனுப்ப மாஸ்கரேடும். விண்டோஸுக்கு விபிஎன் என்று ஒன்று இருப்பதே தெரியாது, டிரைவரும் வேண்டாம். முதல் தடவை அந்தச் செயலியின் லாகின் திரை வந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை அந்தச் சந்தோஷம். லாகின் ஆகும், மெனு வரும், சின்னப் பட்டியல்கள் வரும். மாதாந்திர அறிக்கையைத் திறந்தால் அப்படியே உறைந்துவிடும். தூரத்துச் சர்வரில் கட்டளை இடும் எஸ்எஸ்ஹெச்சிலும் அப்படித்தான், நாலு கோப்பு இருக்கும் ஃபோல்டரைப் பட்டியலிட்டால் வரும், நானூறு இருந்தால் நின்றுவிடும். பிங் (அந்தப் பக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) மட்டும் நன்றாகப் போகும். இப்படி ஒரு அறிகுறி பார்த்தால் வேறெங்கும் தேடாதீர்கள், எம்டியூவைப் பாருங்கள், அதாவது ஒரு பாக்கெட் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்ற அளவை. சின்னப் பாக்கெட் போகிறது, பெரியது வழியில் தொலைகிறது. என் வீட்டு ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ என்ற முறையில் வருவதால், வழக்கமான 1500-இல் 8 பைட் அங்கேயே போய் 1492 ஆகிவிடும், அதற்கு மேல் விபிஎன் தன் உறையைப் போடுகிறது. பாக்கெட்டைத் துண்டாக்காதே என்று சொல்லி டெபியனிலிருந்து பிங் அனுப்பிப் பார்த்தேன். 1372 பைட் போகவில்லை, 1322 போனது. பாக்கெட்டின் தலைப்புக்கு 28 கூட்டினால் 1350. விபிஎன் சுரங்கத்தின் எம்டியூவை 1350 என்று வைத்து, விண்டோஸிலிருந்து கடந்துபோகும் டிசிபி இணைப்புகளின் எம்எஸ்எஸ்ஸையும் (தலைப்பு போக ஒரு பாக்கெட்டில் ஏறும் தரவின் அளவு) அதற்கேற்ப 40 குறைத்து 1310-க்கு இறக்கினேன். அறிக்கை மூன்று நொடியில் வந்து நின்றது. இரண்டு எண்கள்தான், அதற்கு மூன்று வார இறுதிகள் போயின.

அதற்கப்புறம் இந்த அமைப்பு எனக்குத் தந்த நிம்மதியைச் சொல்லியே ஆக வேண்டும். வாடிக்கையாளரின் விபிஎன் மொத்தப் போக்குவரத்தையும் விழுங்குகிற ரகம். முன்பு பழைய லேப்டாப்பில் அதை இணைத்தால் வீட்டுப் பிரிண்டர் காணாமல் போகும், இன்னொரு வாடிக்கையாளரின் விபிஎன் அறுந்துவிடும். இப்போது அது 1 ஜிபி பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது, மேக்குக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர்களுடைய உள் தளங்களைப் பார்க்க ஃபயர்ஃபாக்ஸில் தனியாக ஒரு புரொஃபைல், அதன் போக்குவரத்தை டெபியன் வழியாகத் திருப்ப எஸ்எஸ்ஹெச்சில் ஒரு சாக்ஸ் புராக்ஸி, தளப் பெயருக்கு முகவரி தேடும் டிஎன்எஸ்ஸும் அதன் வழியாகவே போகும்படி ஒரு டிக். நெட்வொர்க் வேலையில் இவ்வளவு சுத்தமாக ஒன்றை நான் இதுவரை அமைத்ததில்லை.

இடையில் அந்த விபிஎன் நிறுவனம் ஆர்ம் பதிப்பை வெளியிட்டது. அதையும் சொல்வதுதான் நியாயம். ஆனால் வாடிக்கையாளரின் அட்மின் அதைத் தங்கள் சர்வரில் ஏற்ற இன்னும் எட்டு மாதம் ஆனது. ஏற்றியதும் போட்டுப் பார்த்தேன், பச்சைக் கோடு கடைசி வரை ஓடியது. டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் பெயரைச் சும்மா ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அதை நீக்கிவிட்டு டெபியனுக்கே திரும்பிவிட்டேன்.

நண்பனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். உன் ஆபீஸ் வயர்கார்ட், ஓப்பன்விபிஎன், இல்லை விண்டோஸிலேயே இருக்கும் ஐகேஇவி2 விபிஎன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. வேறு ஏதாவது என்றால், ஆர்ம்64 டிரைவர் இருக்கிறதா, அது உங்கள் சர்வரில் ஏறியிருக்கிறதா என்று அட்மினிடம் எழுத்தில் கேள். பதில் வரவில்லையென்றால் வாங்காதே, அதே காசுக்கு ஒரு பழைய இன்டெல் லேப்டாப் எடுத்துக்கொள். "நீ மட்டும் வச்சிருக்கியே" என்றான். ஆமாம், வைத்திருக்கிறேன், இதை யாருக்கும் விற்கவும் மாட்டேன். ஆனால் அட்மினின் பதில் வராமல் நீ வாங்காதே.