கடலூர்ல இருக்கறவங்க படிங்க, சிபியு ஆன் ஆகலன்னு உடனே கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க

மஞ்சக்குப்பத்துல வீட்டு முன் ரூம்லயே ஆன்லைன் சர்வீஸ் பண்றேன், ஈபி பில் கட்றது, பட்டா சிட்டா எடுக்கறது, கைரேகை வச்சு பணம் எடுத்துக் குடுக்கறதுன்னு சின்ன அளவுல. போன மாசம் ஒரு திங்கக்கிழமை காலையில சிஸ்டம் போட்டா கறுப்பு ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல ரெண்டு வரி வந்து 15 செகண்ட்ல தானா ஆஃப் ஆயிடுது. திரும்பப் போட்டாலும் அதே கதை. அதுல "ஓவர் கரண்ட்"னு ஒரு வார்த்தை இருந்துச்சா, எங்க வீட்டுக்காரர் ஈபி கரண்ட் அதிகமா வருதுன்னு முடிவு பண்ணி எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டுட்டாரு 😀 அந்த வரியில முதல் வார்த்தையே யூஎஸ்பி தான், அத நாங்க ரெண்டு பேருமே கண்டுக்கல.

வெளிய கஸ்டமர் நிக்கறாங்க, வேற வழியில்லாம சிபியுவ மட்டும் கழட்டி ஷேர் ஆட்டோல திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு கடைக்குக் கொண்டு போனேன் (பேரு போடல). வச்சுட்டுப் போங்கக்கா பாக்கறேன்னாரு. சாயங்காலம் போன், "போர்டு அவுட்டுக்கா, கழட்டி சிப் லெவல்ல பண்ணணும், 3,400 ஆகும்". கடல் காத்துக்கு உள்ள துரு பிடிச்சிருக்குன்னு வேற சொன்னாரு, நம்ம ஊர்ல அது நடக்கறது தானேன்னு நானும் நம்பிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் போனா அவர் டேபிள்ல சூப்பரா ஓடுது. பணத்தக் குடுத்தேன், பில் கேட்டதுக்கு ஒரு துண்டுச் சீட்டு.

வீட்டுக்கு வந்து எல்லா ஒயரையும் மாட்டி ஆன் பண்றேன், அதே ரெண்டு வரி, அதே 15 செகண்ட்! போன் பண்ணா உங்க வீட்டு கரண்ட் சரியில்லக்கா, யூபிஎஸ் மாத்துங்க, நம்மகிட்டயே இருக்குங்கறாரு.

அண்ணன் பையன் பாலிடெக்னிக் படிக்கறான், அவன் வந்து ஸ்கிரீன ஒரு தடவ படிச்சான். "அத்தை, பின்னாடி இருக்கற யூஎஸ்பி எல்லாத்தையும் புடுங்கு"ன்னான். கீபோர்ட மட்டும் விட்டுட்டு ஆன் பண்ணா விண்டோஸ் வந்துருச்சு!! அப்புறம் மவுஸ், பிரிண்டர், வெப்கேம்னு ஒவ்வொண்ணா மாட்டி மாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தான், கடைசியா கைரேகை மெஷின மாட்டுனதும் நின்னு போச்சு. அதோட ஒயர் டேபிள் டிராயர்ல மாட்டி நசுங்கி உள்ள செவப்பும் கறுப்பும் ஒட்டிக்கிச்சு. யூஎஸ்பில வர்றது 5 வோல்ட் தான், சாதா போர்ட்ல 500 மில்லிஆம்ப் கணக்கு, ஷார்ட் ஆனா அதுக்கு மேல இழுக்கும், போர்டு எரிஞ்சிடக் கூடாதுன்னு அதுவே ஆஃப் பண்ணிக்குதுன்னு சொன்னான். அதாவது போர்டு கெட்டே போகல, ஒழுங்கா அதோட வேலையப் பாத்திருக்கு. கடையில அவர் கீபோர்டு மவுஸ் மாட்டி முதல் தடவ போட்டப்பவே ஓடியிருக்கும்.

சிபியு மூடியத் தொறந்தோம் பாருங்க, அங்க தான் எனக்கு வயிறு எரிஞ்சுது. ஸ்க்ரூ மேல ஒட்டடை அப்படியே இருக்கு. போர்டுக்கும் தகரத்துக்கும் நடுவுல ரெண்டு பல்லி முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கு, உடையாம! போர்ட கழட்டுனா அது எப்படிங்க இருக்கும்?

அதனால இப்படி வந்தா முதல்ல ஸ்கிரீன்ல வர்றத போட்டோ எடுங்க, பென்டிரைவ் ஹப் உட்பட எல்லாத்தையும் உருவிட்டுப் போட்டுப் பாருங்க. சில சிஸ்டம் பென்டிரைவ் சொருகி இருந்தாலே அதுல விண்டோஸ் தேடிக்கிட்டு ஆன் ஆகாம நிக்கும், அதுக்கும் இதே வைத்தியம் தான். கடைக்குப் போயே ஆகணும்னா மாட்டற சாமானையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க, கண்ணு முன்னாடி ஆன் பண்ணச் சொல்லுங்க, மாத்துன பார்ட்ஸ திருப்பிக் கேளுங்க, ஜிஎஸ்டி பில் இல்லாம காசு குடுக்காதீங்க.

கைரேகை மெஷினுக்குப் புது ஒயர் போட 250 ரூபா ஆச்சு, அவ்ளோ தான். போட்டோவ எடுத்துக்கிட்டு கடைக்குப் போய்க் கேட்டேன், "அது நீங்க கொண்டு போனப்புறம் புதுசா போட்டிருக்கும்கா"ங்கறாரு. அந்த முட்டை மேல இருந்த தூசியக் காட்டுனதும் 1,500 எடுத்து வச்சாரு. மீதிக்கு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன், கையில இருக்கறது அந்தத் துண்டுச் சீட்டும் பல்லி முட்டை போட்டோவும் தான்.