பஸ்ஸிலும் பாதையிலும் ஏறும் மடிப்புச் சைக்கிள்

மடிப்புச் சைக்கிளில் எந்தப் பாகத்தை மாற்றினாலும், அதன் பிறகு அது ஒழுங்காக மடிகிறதா என்று முதலில் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள் ஒன்றைச் சில வருடங்களாகப் பாடசாலைக்கு ஓட்டி, அதன் பாகங்கள் பலவற்றை மாற்றிப் பார்த்த பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

என் வீடு களுவாஞ்சிகுடியில், படிப்பிப்பது கொக்கட்டிச்சோலைப் பக்கம். பிரதான வீதியில் மட்டக்களப்பு பஸ் ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்குவேன். அங்கிருந்து துறைவரை சைக்கிள், பிறகு பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையை இங்கே பாதை என்போம்) வாவியைக் கடந்து அம்பிளாந்துறை. மறுபடியும் சைக்கிளில் கடுக்காமுனை, அரசடித்தீவு என்று வடக்கே போக வேண்டும். மாரியில் வெள்ளம் வந்து பாதை நின்றுவிட்டால், பஸ்ஸில் இன்னும் மேலே போய், 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் சுற்றிப் போவேன். 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டு ஸ்கூட்டி வீட்டில் நின்றபோது வாங்கிய சைக்கிள் இது. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் இதை விட மனம் வரவில்லை. சாதாரணச் சைக்கிளைப் பாதையில் ஏற்றலாம். பஸ்ஸில் ஏற்ற முடியாது. இது இரண்டிலும் ஏறும்.

முதலில் மாற்றியது ரயர். 20 அங்குலச் சில்லு சிறியது என்பதால் பெரிய சில்லு உருண்டு கடந்துவிடும் குழியிலும் இது இறங்கித்தான் ஏறும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கிரவல் ஒழுங்கைகளில் அந்த அதிர்வு முதுகுவரை வரும். 1.50 அகல ரயரைக் கழற்றி 1.75 போட்டதும் அது பாதியாகக் குறைந்தது போல உணர்ந்தேன். ரயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்குக் காற்றை நிரப்ப வேண்டியதில்லை. உடல் எடை பெரும்பாலும் பின் சில்லில்தான் இறங்குகிறது. ஆகவே முன் ரயரில் காற்றைச் சற்றுக் குறைத்து விடலாம், கைகளுக்கு அது பெரிய நிம்மதி. ரயர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 20 அங்குலம் என்ற பெயரில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்றின் ரிம் விட்டம் 406 மில்லிமீற்றர், மற்றதன் விட்டம் 451. ஒன்றுக்குரிய ரயர் மற்றதற்குப் பொருந்தாது. பழைய ரயரில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும், அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 406 என்றால் அகலமான ரயர்கள் எளிதாகக் கிடைக்கும்.

முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும் ஆசிரியைமார் பலருடைய சைக்கிள்களைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாருமே சீற்றைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். இருந்தபடியே இரண்டு கால்களும் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்ற பயம்தான் காரணம். பெடல் கீழே போகும்போது முழங்கால் சிறிதளவு மட்டும் மடிந்திருக்க வேண்டும், உயரம் அதற்கு ஏற்றதாக இருக்கட்டும். மடிப்புச் சைக்கிளின் நடுச்சட்டம் தாழ்வானது. நிறுத்தும்போது சீற்றிலிருந்து முன்னால் இறங்கி நின்றுவிடலாம். ஆனால் சீற் தண்டில் குறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தாதீர்கள்.

சீற்றைப் பொறுத்தவரை, பின்னால் சிறிய சுருள்வில் வைத்த நடுத்தர அகலமே எனக்குப் பிடித்தது. மெத்தை போன்ற பெரிய சீற்றில் முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும், பிறகு தொடை உராயும். அதன் பாரத்தையும் பஸ் படியில் நீங்கள்தான் தூக்க வேண்டும்.

ஹேண்டிலைத் தீர்மானிக்க அதிக காலம் எடுத்தது. நேரான ஹேண்டிலில் மணிக்கட்டு வலித்தது. பின்னோக்கி நன்றாக வளைந்த ஒன்றைக் கடைக்காரத் தம்பி பூட்டித் தந்தார், ஓட்டத்துக்கு அருமை. ஆனால் மடித்தால் அதன் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் சேலையிலும் சேர்ட்டிலும் அது கொளுவும்போது வரும் சங்கடத்துக்கு எந்தச் சுகமும் ஈடாகாது. இப்போது இருப்பது குறைவான வளைவுள்ளது, உள்ளங்கை படியும் அகலமான பிடிகளுடன். நெரிசலான பஸ்ஸிலும் கொண்டக்டர் முகம் சுளிப்பதில்லை, "ரீச்சர், கதவுக்குப் பின்னால் வையுங்கள்" என்று அவரே இடம் காட்டுகிறார். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் தேரோட்டக் காலத்தில் பாதையில் காலூன்றவே இடம் இருக்காது. அப்போதும் என் சைக்கிள் மடிந்து ஒரு மூலையில் நின்றுகொள்ளும்.

சேலை கட்டி ஓட்டுபவர்களுக்குச் செயின் மூடி கட்டாயம். கொசுவத்தின் ஓரம் செயினில் அகப்பட்டால் சேலையும் போகும், ஆளும் விழுவோம். பின் சில்லுக்கு நானே ஒரு காப்பு வலை போட்டேன். மட்கார்டின் இரு ஓரங்களிலும் சிறு துளைகள் இட்டு, மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கிய நைலோன் நூலை அவற்றிலிருந்து அச்சுவரை விசிறி போலக் கோர்த்துக் கட்டினேன். பாரமே இல்லை, மடிப்புக்கும் குறுக்கே வராது. செய்த மாற்றங்களிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டால் வேறு பயமில்லை.

கியரில் கை வைக்கவில்லை. நம் பக்கம் எல்லாம் சமதரை. காற்றுத்தான் நமக்கு ஏற்றம். மாரியில் வடக்கே போகும்போது வாடை எதிர்க்கும், கோடையில் பள்ளி விட்டுத் தெற்கே திரும்பும்போது கச்சான் காற்று எதிர்க்கும். அந்த நேரங்களில் இலகுவான கியர் ஒன்று இருந்தால் போதும்.

பராமரிப்பில் உப்புத்தான் பெரிய எதிரி. கடற்காற்றும் வாவி நீரும் சேர்ந்து சாதாரண ஆணிகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்துவிடும். மடிப்பு மூட்டின் ஆணிகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினேன். வாரம் ஒரு முறை செயினைத் துடைத்து எண்ணெய் விடுகிறேன், மூட்டுக்குக் கிறீஸ் வைக்கிறேன். மூட்டின் பூட்டு நெம்பு சற்று வலுவாக அழுத்தித்தான் மூடப்பட வேண்டும். ஒரு விரலால் மூட முடிகிறது என்றால் அது தளர்ந்துவிட்டது, இறுக்காமல் ஏறாதீர்கள். மடியும் பிளாஸ்டிக் பெடல்கள் வெடித்ததும் உலோகப் பெடல்கள் போட்டேன். வீட்டில் மாற்றுபவர்களுக்கு: இடது பெடலின் புரி எதிர்த்திசையில் வெட்டப்பட்டது, கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும்.

இன்னும் சரிவராதது ஹேண்டில் தண்டின் அடிப்பூட்டு. எவ்வளவு இறுக்கினாலும் பிரேக் பிடிக்கும்போது மெல்லிய ஆட்டம் தெரிகிறது. தேய்ந்த பூட்டை முழுமையாக மாற்ற வேண்டும். அதே அளவில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கும்வரை ஒவ்வொரு காலையும் பஸ்ஸிலிருந்து இறக்கி விரித்தவுடன் அதை அசைத்துப் பார்த்துத்தான் ஏறுகிறேன்.