பாலக்காட்டில் ஒரு பழங்காசுக் கடை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். கடையின் பேர் வேண்டாம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கலக் காசு ஒன்றைக் கடைக்காரர் காட்டி, "1700 வருஷப் பழசு சார், அபூர்வம்" என்று 9000 ரூபாய் சொன்னார். பழசு சரி, அபூர்வம் எங்கே? 4ஆம் நூற்றாண்டில் மூட்டை மூட்டையாக அடித்துத் தள்ளிய காசு அது, இன்றைக்கும் சல்லிசாகவே கிடைக்கிறது. இன்னொரு ரோமப் பேரரசர் டைபீரியஸின் வெள்ளிக் காசும் அப்படி அரிதில்லை, கோயம்புத்தூர்ப் பக்கம் புதையல் புதையலாக வந்ததுதான், ஆனால் பைபிளில் வரும் வரிக்காசு அதுதான் என்று பலர் நம்புவதால் தேடுகிற ஆள் அதிகம், விலை இறங்குவதே இல்லை. கடைக்காரர் வைத்திருந்த டைபீரியஸ் காசில் விளிம்பைச் சுற்றி அச்சுக்கோடு, அதாவது வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த தடம். அசல் காசைச் சுத்தியலால் அடித்தார்கள், இது உருக்கி வார்த்தது, அதாவது போலி. பில் கேட்டேன், டீ வாங்கித் தந்தார். டீ நன்றாக இருந்தது.