பைபாஸுக்கு முன் மூளையின் தமனிகளையும் பார்த்த மருத்துவமனை

67 வயதான என் தந்தைக்குச் சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் கடந்த ஆண்டு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. முதலில் நாங்கள் சென்ற வேறொரு மருத்துவமனையில் மூன்று அடைப்புகளைக் காட்டி உடனே நாள் குறித்துவிட்டார்கள். சில மாதங்களுக்கு முன் அவருக்குப் பத்து நிமிடம் வலது கை மரத்து, பேச்சுக் குழறி, தானாகவே சரியானதை அங்கே யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அறுவை சிகிச்சை நடந்த இந்த மருத்துவமனையில் மயக்க மருந்து மருத்துவர் முதலில் விசாரித்ததே, பக்கவாதத்தின் முன்னறிகுறியாகக் கருதப்படும் அதைத்தான். கழுத்துத் தமனிகளுக்கு டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒலி அலைச் சோதனை) எடுத்ததில் மிதமான சுருக்கமே தெரிந்தது. மண்டையோட்டுக்குள் ஓடும் தமனிகளின் சுருக்கம் ஆசியர்களிடம் அதிகம் என்பதாலும், கழுத்து டாப்ளரில் அது தெரியாது என்பதாலும், மூளைத் தமனிகளைக் காட்டும் எம்.ஆர். ஆஞ்சியோகிராம் ஸ்கேனும் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்க நடுத்தமனி வெகுவாகச் சுருங்கியிருந்தது. அங்கே ஸ்டென்ட் வைக்க முடியாதா என்று கேட்டோம். அத்தகைய நோயாளிகளுக்கு ஸ்டென்ட் வைப்பதைவிடத் தீவிர மருந்துச் சிகிச்சையே பாதுகாப்பானது என்று 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியதை நரம்பியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

அறுவை சிகிச்சை நிபுணர் தாளில் படம் வரைந்தே பேசினார். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைக் கவ்வியால் பிடிக்கும்போது அதன் சுவரில் படிந்த கொழுப்புத் துணுக்குகள் பெயர்ந்து மூளைக்குச் செல்லலாம். இரத்த அழுத்தம் சரிந்தாலோ, சுருங்கிய தமனிக்கு அப்பால் உள்ள மூளைப் பகுதி இரத்தமின்றிப் பட்டினி கிடக்கும். ஆகவே இதயத்தை நிறுத்தாமல், பெருந்தமனியைத் தொடாமல், மார்புச் சுவரின் உட்புறத் தமனியோடு கையிலிருந்து எடுத்த தமனியை இணைத்து மூன்று அடைப்புகளையும் கடந்தார்கள். துடிக்கும் இதயத்தைத் திருப்பிப் பிடிக்கையில் அழுத்தம் இறங்கும் என்பதால், நெற்றியில் ஒட்டிய உணரிகள் மூலம் மூளையின் ஆக்ஸிஜன் அளவை இடைவிடாமல் கவனித்தார்களாம். மயக்கம் தெளிந்ததும் செவிலியர் இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார், அப்பா தூக்கினார். அந்தக் காட்சிக்காக இந்த மருத்துவமனைக்கு நான் என்றும் நன்றியுடையவன்.

வீடு திரும்பிய பிறகுதான் குறை தெரிந்தது. மூளைத் தமனியைப் பற்றி டிஸ்சார்ஜ் அறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது. இரத்த அழுத்தம் எந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எழுதவே இல்லை. பத்தாம் நாள் எழுந்து நின்றபோது தலைசுற்றல் வந்தது. அளந்து பார்த்தால் மேல் அழுத்தம் 96. தொலைபேசியில் இதயப் பிரிவு நரம்பியல் பிரிவைக் கேட்கச் சொல்ல, நரம்பியல் பிரிவு இதயப் பிரிவைக் கேட்கச் சொல்ல, ஒரு மாத்திரையைக் குறைப்பதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. அறுவை அரங்கில் அத்தனை கவனமாகக் காத்த அழுத்தத்தை அதன்பின் வீட்டில் யார் பொறுப்பேற்றுக் காப்பது என்பதை அவர்கள் தீர்மானித்திருக்கவில்லை.

இதே நிலையில் உள்ளவர்களுக்கு இந்த மருத்துவமனையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் புறப்படும் முன் அந்த அழுத்த அளவையும், அழைக்க வேண்டிய மருத்துவர் யார் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.